ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு கொள்ளுப்பாட்டி: 1911ஆம் ஆண்டு டப்ளின் கணக்கெடுப்பில் ஓர் அறையைத் தேடுதல்

12 நவம்பர் 2023, வாசகர் ஒருவரின் கேள்வி

அயர்லாந்தின் 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. என் மருமகள் டப்ளினில் பிறந்தவள். அவளுடைய முன்னோர் நகரின் வடபகுதியில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த ஒரு பெரிய வீட்டில் இருந்தவர்கள். பேரனுக்குக் காட்டலாம் என்று தேடினேன். பெயர், வயது, மதம், தொழில் கொண்ட ஒரே ஒரு தாள் கிடைத்தது. கணக்கெடுப்பு தலைகளை எண்ணுவதற்காக நடந்தது. ஒரு பொது வீட்டுக்குள் யார் எந்த அறையில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அதைக் கொண்டு அறிய முடியாது என்பது என் கருத்து. தவறென்றால் சொல்லுங்கள்.

12 நவம்பர் 2023, இரவு, என் பதில்

பெருமளவுக்கு அறிய முடியும். தாங்கள் பார்த்தது ஏ படிவம், அதாவது குடும்பத் தாள். அதே வீட்டுக்குப் பி-1 என்று இன்னொரு படிவம் உண்டு. குடும்பத் தாளைக் குடும்பத் தலைவரே நிரப்பவேண்டும். பி-1 படிவத்தைக் கணக்கெடுக்க வந்த காவலர் நிரப்பினார். டப்ளின் நகரில் இந்த வேலையைச் செய்தவர்கள் டப்ளின் பெருநகரக் காவல்படையினர். அவர்கள் ஒவ்வொரு வீட்டின் சுவர், கூரை, அறைகள், முன்பக்கச் சன்னல்கள், உள்ளே வாழும் தனித்தனிக் குடும்பங்கள், ஒவ்வொரு குடும்பத்தின் தலைவர் பெயர், அந்தக் குடும்பம் பயன்படுத்தும் அறைகளின் எண்ணிக்கை, அதில் உள்ள ஆட்கள் ஆகியவற்றை ஒரே வரிசையில் எழுதினார்கள். பகிர்ந்து வாழ்ந்த வீட்டை ஆராய்பவருக்கு உயிர்நாடி இந்தப் படிவம்தான்.

என் மனைவியின் கொள்ளுப்பாட்டி, அதாவது என் மாமியாருடைய அம்மாவின் அம்மா, அப்படியொரு வீட்டில் இருந்தவர். கீழ் டொமினிக் தெருவில். மூன்று ஆண்டுகளாக அந்த ஒரு வீட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

13 நவம்பர் 2023

நேற்று எழுதியதை விரித்துச் சொல்கிறேன். 1911 ஏப்ரல் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, அந்த வீட்டில் 11 குடும்பங்கள் இருந்தன. பி-1 படிவத்தில் 11 தலைவர்களின் பெயர்களும் கீழ்க்கீழாக இருக்கின்றன. ஒன்பது குடும்பங்களுக்கு நேரே அறை எண்ணிக்கை ஒன்று. இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு. கொள்ளுப்பாட்டி ஏழாவது வரியில் வருகிறார்: ஓர் அறை, ஐந்து பேர். முதல்முறை அந்த வரியைப் பார்த்தபோது, அவருடைய குடும்பத் தாளைப் பார்த்தபோது தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றியது. அவர் தனியாக வாழவில்லை. ஆறாவது வரிக்கும் எட்டாவது வரிக்கும் நடுவே வாழ்ந்தார்.

மனத்தை உறுத்துவது என்னவென்றால், அந்த வீட்டின் வகுப்பு 'முதல் வகுப்பு' என்று எழுதப்பட்டிருக்கிறது. அறைக்கு ஐந்து பேர் வாழும் வீட்டை முதல் வகுப்பு என்று எழுத ஒரு காவலருக்கு எப்படி மனம் வந்தது? வீட்டு உரிமையாளரின் செல்வாக்குக்கு இணங்கியே அப்படி எழுதியிருப்பார் என்று கருதுகிறேன்.

14 நவம்பர் 2023

நேற்றைய கடைசிப் பத்தியை நான் திருத்தவேண்டும். காவலர்மேல் நான் சுமத்திய பழி தவறானது. வீட்டின் வகுப்பு என்பது வெறும் கூட்டல் கணக்கு. கல், செங்கல், காங்கிரீட் சுவராக இருந்தால் 1, மண் அல்லது மரம் போன்ற நிலையாத பொருளாக இருந்தால் 0. ஓடு, கற்பலகை, இரும்புக் கூரைக்கு 1, வைக்கோல் கூரைக்கு 0. அறைகளுக்கு ஒரு படிநிலை, அதில் 13 அறைகளும் அதற்கு மேலும் இருந்தால் 6. அதன்பிறகு முன்பக்கச் சன்னல்களின் எண்ணிக்கையை அப்படியே சேர்க்கவேண்டும். கூட்டுத்தொகை பெரிதாக வந்தால் முதல் வகுப்பு. 18ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் தங்களுக்காகக் கட்டிய செங்கல் மாளிகைகள் என்பதால், வடடப்ளினின் நெரிசல் மிகுந்த ஒண்டுக்குடித்தன வீடுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் முதல் வகுப்பாகவே வந்து நிற்கும். கட்டடத்தை அளந்தார்கள், வாழ்க்கையை அளக்கவில்லை. வகுப்பு என்னும் கட்டத்தைக் கண்டு யாரும் தங்கள் முன்னோர் வசதியாக வாழ்ந்தார்கள் என்று முடிவு செய்துவிட வேண்டாம். 'ஒவ்வொரு குடும்பமும் பயன்படுத்தும் அறைகள்' என்னும் கட்டத்தோடு சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும்.

26 நவம்பர் 2023

வேறு ஆண்டுகளின் கணக்கெடுப்பையும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1926க்கு முந்தியவற்றில் முழுமையாகப் பார்க்கக் கிடைப்பவை 1901, 1911 ஆகிய இரண்டு மட்டுமே. 1821 முதல் 1851 வரையிலான தாள்களில் பெரும்பகுதி, 1922 ஜூன் இறுதியில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தபோது அழிந்தது. 1861, 1871ஆம் ஆண்டுத் தாள்களை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுத் தாள்கள் முதல் உலகப்போர்க் காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. 1921இல் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்ததால் கணக்கெடுப்பே இல்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18 அன்று நடந்தது. நூறாண்டு விதிப்படி 2026 ஏப்ரலில் அதைத் திறக்கப்போவதாகத் தேசிய ஆவணக் காப்பகம் அறிவித்திருக்கிறது. அந்த நாளுக்காக நான் காத்திருக்கிறேன்.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவேயுள்ள பத்தாண்டு இடைவெளியை நிரப்பப் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள்தான் துணை. அவற்றின் படிமங்களையும் அயர்லாந்து அரசு இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு பதிவிலும் முகவரி உண்டு. கொள்ளுப்பாட்டியின் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளை வரிசையாக வைத்தபோது 12 ஆண்டுகளில் ஐந்து முகவரிகள் வந்தன. ஐந்தும் ஒன்றுக்கொன்று கால் மணி நேர நடையில் இருப்பவை. வாடகை ஏறியபோதோ, பிள்ளை பிறந்தபோதோ, ஒரு மாடி ஏறியும் ஒரு தெரு தாண்டியும் குடிபெயர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். ஆகவே 1911இல் கிடைத்த முகவரியை 'எங்கள் பூர்விக வீடு' என்று சொல்வதில் எனக்கு இப்போது தயக்கம் உண்டு. கணக்கெடுப்பு காட்டுவது ஓர் இரவை மட்டுமே.

தெருப் பெயர்களிலும் கவனம் வேண்டும். கிரேட் பிரிட்டன் தெரு 1911இல்தான் பார்னெல் தெரு ஆனது. சாக்வில் தெரு 1924இல் ஓ'கானல் தெரு ஆனது. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய பட்டியலில் தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

தாம்ஸ் டைரக்டரி என்னும் வருடாந்தரத் தெருவிவர நூலிலும் வீட்டைத் தேடினேன். பக்கத்து வீட்டு வழக்கறிஞருக்கும் எதிர்வீட்டு மருத்துவருக்கும் பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே 'டெனமென்ட்டுகள்' (ஒண்டுக்குடித்தனங்கள்) என்ற ஒற்றைச் சொல்லும் வரி மதிப்பும் மட்டும் இருந்தன. உள்ளே வாழ்ந்த அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த நூல் கொடுத்த இடம் அவ்வளவுதான். அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தது கணக்கெடுப்பு மட்டுமே என்பதால் அதன்மேல் எனக்கு நன்றியுணர்ச்சி உண்டு.

9 டிசம்பர் 2023

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். 1911ஆம் ஆண்டுத் தாளில் 1901இல் இல்லாத மூன்று கட்டங்கள் சேர்ந்தன: திருமணமாகி எத்தனை ஆண்டுகள், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. கணவன் உயிரோடு இருக்கும் பெண்கள் மட்டுமே இவற்றை நிரப்பவேண்டும் என்பது விதி. ஆனால் கைம்பெண்கள் பலரும் நிரப்பினார்கள். காவலர் வந்து, விதியைச் சுட்டி, அந்த எண்களின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். கோட்டின் அடியில் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன.

கொள்ளுப்பாட்டிக்குக் கணவர் 1909இல் காசநோயில் இறந்துபோனார். 1911ஆம் ஆண்டுத் தாளில் அவர் பெயருக்கு நேரே, அடிக்கப்பட்ட கோட்டின் கீழே, 14 ஆண்டுகள், பிறந்தவர்கள் 8, இருப்பவர்கள் 4 என்று இருக்கிறது. கேட்கப்படாத கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார். என் மனைவி அந்தப் படிமத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். எட்டில் நான்கு என்பது அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கோடு அடிக்கப்பட்ட எதையும் விட்டுவிடாதீர்கள்.

10 டிசம்பர் 2023

நேற்று ஒன்றைச் சொல்ல மறந்தேன். 'இருப்பவர்கள் 4' என்று எழுதியிருக்கும் அந்தத் தாளில் மூன்று பிள்ளைகளின் பெயர்களே இருக்கின்றன. நான்காவது பிள்ளை எங்கே என்பது இரண்டு மாதங்கள் என்னைத் தூங்கவிடாத கேள்வி. அதைத் தனியாக எழுதுகிறேன்.

7 ஜனவரி 2024

நான்காவது பிள்ளை ஒன்பது வயதுச் சிறுவன். பிறப்புப் பதிவு இருக்கிறது. இறப்புப் பதிவு இல்லை. தகப்பன் இறந்தபின் அவனை ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஏதேனும் தொழிற்பள்ளியில் சேர்த்திருப்பார்கள் என்று எண்ணினேன். பள்ளிகள், மருத்துவமனைகள், ஏழையர் இல்லங்கள், சிறைகள், மனநலக் காப்பகங்கள் ஆகியவற்றுக்கெல்லாம் 1911இல் தனித்தனிப் படிவங்கள் உண்டு. அவற்றில் சில, குறிப்பாகச் சிறைகளும் மனநலக் காப்பகங்களும், பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகளை மட்டும் தந்திருக்கும். நான் நிறுவனம் நிறுவனமாகப் படித்தேன். வயதும் முதலெழுத்தும் பொருந்திய ஒரு சிறுவனை ஓரிடத்தில் கண்டு, அவன்தான் என்று மனைவியிடம் சொல்லவும் செய்தேன். அவள் அம்மாவுக்குச் செய்தி போய், அவர் அழுதார்.

அது தவறு. சிறுவன் அதே வீட்டில், இரண்டு வரி தள்ளி, ஒன்பதாவது குடும்பத்தின் தாளில் இருந்தான். உறவு என்னும் கட்டத்தில் 'உண்டு உறைபவர்', தொழில் என்னும் கட்டத்தில் 'மாணவர்'. இணையத் தளத்துக்காகத் தாளைத் தட்டச்சு செய்தவர் குடும்பப் பெயரின் முதலெழுத்தைத் தவறாக வாசித்திருந்ததால் தேடுபொறியில் அவன் அகப்படவில்லை. பிள்ளையில்லாத ஒரு தம்பதி, எதிர் அறையிலோ மேல் அறையிலோ இருந்தவர்கள், இரவில் அவனைத் தங்களிடம் படுக்கவைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அறையில் ஆறு பேருக்கு இடமில்லை. பத்தடி தள்ளி ஓர் இடம் இருந்தது. நான் அவனைத் தேடி நகரம் முழுவதும் போனேன். வீட்டின் 11 தாள்களையும் முதல் நாளே வரிசையாகப் படித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் கண்டிருப்பேன். என் மாமியாரையும் அழவைத்திருக்க மாட்டேன்.

ஆகவே பெயரைக் கொண்டு தேடுவதோடு நிறுத்தாதீர்கள். வட்டாரப் பிரிவு, தெரு, வீடு என்ற வரிசையில் உள்ளே போங்கள். தளத்தில் ஒரே வீட்டின் குடும்பங்கள் 7.1, 7.2, 7.3 என்பதுபோல் புள்ளி வைத்த எண்களோடு வரும். ஒன்று விடாமல் திறந்து, தட்டச்சுப் படியை நம்பாமல் படிமத்தையே பாருங்கள். பெண்களின் பெயர்கள் மாறும் விதத்தையும் நினைவில் வையுங்கள்: பிரிஜட் என்னும் பெயர் ஒரு தாளில் பிரைடி, இன்னொரு தாளில் டீலியா என்று வரும், மூன்றும் ஒருவரே.

21 ஜனவரி 2024

11 தாள்களையும் அச்செடுத்து மேசையில் பரப்பியபோது தெரிந்த இன்னொன்று. ஐந்து தாள்களில் கையெழுத்து ஒன்றே. ஆங்கில 'ஜி' எழுத்தின் வாலை இடப்பக்கம் நீட்டி ஒரு சுழி போடும் பழக்கம் ஐந்திலும் இருக்கிறது. காவலரின் கையொப்பத்தோடு ஒப்பிட்டேன். அவர் எழுத்து இல்லை. அந்த எழுத்து முதலாவது குடும்பத்தின் தாளுக்குப் பொருந்துகிறது. தலைவர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஆனால் அவருடைய கையொப்பம் வேறு மாதிரி. மீதமிருப்பவர் அவருடைய 15 வயது மகள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று தாள் சொல்கிறது.

கொள்ளுப்பாட்டிக்குக் கல்வி என்னும் கட்டத்தில் 'படிக்க மட்டும் தெரியும்' என்று இருக்கிறது. அவர் தாள் அந்தச் சிறுமியின் எழுத்தில் இருக்கிறது. கீழே கையொப்பத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. கோடு அடிக்கப்பட்ட 8, 4 ஆகிய எண்களும் அவள் எழுதியவையே. அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமையையொட்டி ஏதோ ஒரு நேரத்தில் கொள்ளுப்பாட்டி பதினைந்து வயதுப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து, தனக்குப் பிறந்தவர்களையும் எஞ்சியவர்களையும் எண்ணிச் சொல்லியிருக்கிறார். வாக்குரிமை கோரிய பெண்கள் சிலர் அதே இரவில் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். வாக்கில்லாதவர்களை எண்ணவேண்டாம் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் நியாயமானது. ஆனாலும் எங்கள் வீட்டுப் பெண்கள் இருவரும் அன்று எழுதிவைத்ததற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

3 பிப்ரவரி 2024

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1901இல் கொள்ளுப்பாட்டிக்கு 24, 1911இல் 36. பத்தாண்டில் பன்னிரண்டு வயது கூடியிருக்கிறது. 1911தான் பிசகு என்று நினைத்தேன். 1875ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவு கிடைத்தபின் 1911 சரியென்றும் 1901தான் குறைத்துச் சொல்லப்பட்டது என்றும் தெரிந்தது. பிந்தைய தாளே எப்போதும் பிழையானது என்று எழுதும் வழிகாட்டிகளை நான் இனி நம்பமாட்டேன்.

அதே அறையில் இருந்த அவருடைய மாமியாரின் கதை வேறு. 1901இல் 58, 1911இல் 72. நடுவே 1908ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. அயர்லாந்தில் பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது என்பதால் வயதை நிறுவ அந்தத் தலைமுறையிடம் சான்றிதழ் இல்லை. 1841, 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள்கள் அப்போது எரியாமல் இருந்தன. விண்ணப்பித்தவர்களுக்காக ஆவணக் காப்பகத்தார் அவற்றில் தேடிப் பார்த்தார்கள். அந்தத் தேடல் விண்ணப்பங்கள் இன்றும் இருக்கின்றன. எரிந்துபோன கணக்கெடுப்புகளின் சில வரிகள் அவற்றில்தான் உயிரோடு இருக்கின்றன. மாமியாருடைய விண்ணப்பத்தைக் கண்டேன். 1851இல் வயது 9 என்று பதில் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் 1911இல் அவருக்கு 69.

இதை முதலில் கண்டபோது, வயதைக் கூட்டிச் சொல்லிப் பணம் வாங்க முயன்றார் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். எழுதிவைக்காத வயதை யாரால் சரியாகச் சொல்ல முடியும்? என் தந்தைவழிப் பாட்டி தன் வயதைக் கேட்டால், 'பெரிய புயல் அடித்த வருஷம் எனக்கு இடுப்பில் குடம் நிற்கும்' என்று சொல்வார். மேலும், மகன் இறந்து, மருமகள் வீடுகளில் தரை தேய்த்துச் சம்பாதித்து, ஐந்து பேர் ஓர் அறையில் இருந்த குடும்பத்துக்கு வாரம் ஐந்து ஷில்லிங் என்பது என்ன என்று நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

18 பிப்ரவரி 2024

சென்னையில் இப்படித் தேட முடியுமா என்று இன்னொரு நண்பர் கேட்கிறார். முடியாது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனியாள் விவரங்களை யாரும் பார்க்கவோ சான்றாக முன்வைக்கவோ இடம் தருவதில்லை. நூறாண்டு கழித்துத் திறக்கும் ஏற்பாடும் அங்கு இல்லை. தொகுத்த எண்கள் நூல்களாக இருக்கின்றன. வீட்டுத் தாள்கள் இல்லை.

எனக்கு இது சொந்த வருத்தம். நான் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன். ரேழி தாண்டினால் முற்றம், முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனங்கள், பின்கட்டில் ஒரு கிணறு, ஒரு குழாய், இரண்டு கழிப்பறைகள். எந்த அறையில் யார் இருந்தார்கள் என்பதை நான் இன்றும் வரைந்து காட்டுவேன். ஆனால் என் தாத்தா அங்கே குடிவந்த காலத்தில் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்ல இன்று யாரும் இல்லை. அங்கே தேடுகிறவர் வாக்காளர் பட்டியல், வீட்டின் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பழைய ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றைத்தான் நம்பவேண்டும். பத்திரத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும்; குடித்தனக்காரர் பெயர் இருக்காது. மனைவியின் கொள்ளுப்பாட்டிக்கு ஒரு தாள் இருக்கிறது. என் பாட்டிக்கு இல்லை. இதற்கு மேல் இந்த இழையில் சென்னையைப் பேசுவது கேள்வியை விட்டு விலகுவதாகும்.

10 மார்ச் 2024

அறை என்னும் கேள்விக்குத் திரும்புகிறேன். ஹென்ரியட்டா தெரு 14ஆம் எண் வீட்டை 2018 முதல் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். 1740களில் லூக் கார்டினர் கட்டிய மாளிகை அது. 1911இல் அதற்குள் 100 பேர் வாழ்ந்தார்கள். பெரிய கூடத்தைப் பலகைத் தட்டிகளால் பிரித்து அறைகளாக்கிய தடம் இன்னும் தெரிகிறது. கொள்ளுப்பாட்டி வாழ்ந்த வீடு இப்போது இல்லை. கீழ் டொமினிக் தெருவின் பெரும்பகுதியை இடித்து மாநகராட்சி அடுக்குமாடிகளைக் கட்டிவிட்டார்கள். ஆகவே அதே காலத்தில் அதே பாணியில் கட்டிய வீட்டில் படியேறிப் பார்ப்பதுதான் எங்களுக்கு வழி.

அங்கே கற்றது அறைகளின் பெயர்கள். டப்ளின்காரர்கள் 'டூ பேர் பேக்' என்பார்கள்; இரண்டு படிவரிசை ஏறினால் வரும் பின்னறை என்று பொருள். தரைத் தளத்தில் பார்லர், அதற்குமேல் டிராயிங் ரூம் என்று பிரபுக்கள் காலத்துப் பெயர்களையே, உள்ளே ஏழு பேர் படுத்த காலத்திலும், அப்படியே சொன்னார்கள். எங்கள் வீட்டில் ரேழிக் குடித்தனம், மாடிக் குடித்தனம் என்று சொன்னதைப் போலத்தான்.

இன்னொன்றும் எழுதவேண்டும். 1913 செப்டம்பர் 2ஆம் நாள் சர்ச் தெருவில் இரண்டு ஒண்டுக்குடித்தன வீடுகள் இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதன்பின் அமைந்த விசாரணைக் குழு 1914இல் தந்த அறிக்கை, நகரில் 5,322 ஒண்டுக்குடித்தன வீடுகளில் 25,822 குடும்பங்கள் இருந்ததாகவும், அவற்றில் 20,108 குடும்பங்களுக்கு ஓர் அறையே இருந்ததாகவும் சொல்கிறது. பி-1 படிவத்தில் நான் பார்த்த 'அறை: 1' என்னும் கட்டம் அந்த இருபதாயிரத்தில் ஒன்று.

2 ஏப்ரல் 2024

இன்றோடு அந்த இரவுக்கு 113 ஆண்டுகள். பி-1 படிவத்தில் குடும்பங்கள் எழுதப்பட்ட வரிசை காவலர் படியேறிய வரிசையாக இருக்குமா என்று பரிசோதித்தேன். இருக்கும் என்பது முதல் எண்ணம். தாள்களை அவர் வாங்கிய தேதி தனிக் கட்டத்தில் இருக்கிறது; 11 குடும்பங்களுக்கும் ஒரே நாள். கதவு கதவாக ஒரே நடையில் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் நிலையத்துக்குப் போய்த் தாள்களை அடுக்கி எழுதும்போது வரிசை கலைந்திருக்கலாம் என்ற இரண்டாம் எண்ணமும் வந்தது. ஆகவே வெளியிலிருந்து ஒரு சான்று தேவைப்பட்டது.

அது வாக்காளர் பட்டியலில் கிடைத்தது. டப்ளின் நகர நூலகத்தார் 1908க்குப் பிந்திய சில ஆண்டுகளின் பட்டியல்களை இணையத்தில் தந்திருக்கிறார்கள். வாடகைக்குக் குடியிருந்து வாக்குரிமை பெற்றவர்களுக்கான பகுதியில், அவர்கள் பிடித்திருந்த அறை எது என்ற விவரமும் வாடகையும் இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து இருவர் அதில் வருகிறார்கள். பி-1 படிவத்தின் இரண்டாவது வரிக்காரர் பார்லரில் இருந்தார்; ஆறாவது வரிக்காரர் இரண்டு படிவரிசை ஏறினால் வரும் முன்னறையில் இருந்தார். வரிசை கீழிருந்து மேலே போகிறது. ஆறு முன்னறை என்றால், ஏழு அதே தளத்தின் பின்னறையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதை நிறுவப்பட்டது என்று சொல்லமாட்டேன். ஆறுக்குப்பின் காவலர் அடுத்த மாடிக்குப் போயிருக்கவும் கூடும்.

19 மே 2024

மனைவியின் பெரியம்மாவுக்கு 88 வயது. நேற்று அவரைப் பார்க்கப் போனோம். அறையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கேட்டால் சொன்னதையே திரும்பச் சொல்லிவிடுவார்கள் என்று முன்பொருமுறை கற்றிருக்கிறேன். அவருடைய அம்மா, அதாவது 1911ஆம் ஆண்டுத் தாளில் நான்கு வயதுப் பெண்ணாக இருப்பவர், அந்த வீட்டைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.

தெருவைப் பற்றி அவருக்கு எதுவும் நினைவில்லை. சன்னலைப் பற்றிச் சொன்னார். காலையில் அந்த நான்கு வயதுப் பெண்ணைப் பாட்டி சன்னலோரம் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அம்மா கீழே குழாயடியில் வாளியோடு வரிசையில் நிற்பதைப் பார்ப்பாராம். அம்மா நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தபின்தான் அழுகையை நிறுத்துவாராம். அண்ணன் 'எதிர்க் கதவிலிருந்து' வந்து கூட நிற்பானாம்.

அந்த வீடுகளின் குழாயும் கழிப்பறையும் பின்முற்றத்தில்தான் இருந்தன. முன்னறைச் சன்னல் தெருவைப் பார்க்கும். பின்முற்றம் பின்னறைக்கு மட்டுமே தெரியும்.

20 மே 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எதிர்க் கதவு என்று பெரியம்மா சொன்னதைக் கேட்டபின் ஒன்பதாவது குடும்பமும் அதே மாடி என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். ஆறு முன்னறை, ஏழு பின்னறை என்றால் ஒன்பதுக்கு அந்த மாடியில் இடம் இருந்ததா என்பது, பலகைத் தட்டி வைத்து எத்தனை அறைகளாகப் பிரித்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று தாள்களையும் 1901ஆம் ஆண்டு பி-1 படிவத்தோடு மறுபடி ஒப்பிடப்போகிறேன். அப்போது அந்த வீட்டில் எட்டுக் குடும்பங்களே இருந்தன. இடைப்பட்ட பத்தாண்டில் எந்த மாடியில் தட்டி வைத்தார்கள் என்பது அதில் தெரியலாம்.